அக்கரையில் கால் வைத்தது

ஐப்பசி 3, திங்கள்

காலையில் வெயில். மதியத்துக்கு மேல் இடி. துவைத்த துணி காயவில்லை.

வேலைக்குப் போகவில்லை. படுத்தே கிடக்கச் சொல்லியிருக்கிறார்கள். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஏலக்காய் எடுக்கப் போய்விட்டார்கள். நானும் கோழிகளும்தான். எழுதி ரொம்ப நாளாயிற்று, கை கோணுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்போதும் வாய் திறக்க மாட்டேன், கட்டுரை மட்டும் எழுதிவிடுவேன்.

கரு தங்கவில்லை. மூன்றாம் மாதம். போன வியாழன். இதற்கு மேல் அதை எழுத வரவில்லை.

மாமியார் வாசலில் நின்று பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்காவிடம் பேசியது உள்ளே கேட்டது.

"பிள்ளத்தாச்சி தண்ணியத் தாண்டக் கூடாதுன்னு பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதுக ரெண்டும் போயிட்டு வந்திருக்குதுக."

"எந்தத் தண்ணிய அயித்த?"

"தேக்கடில. படகு."

"ஆத்தீ."

அந்த "ஆத்தீ"தான் இன்னும் காதில். அக்கா நல்லவள். போன வாரம்கூட ரசம் வைத்துக் கொண்டுவந்தாள்.

கஞ்சி. ஊறுகாய் வேண்டாம் என்றார்கள், சூடாம்.


ஐப்பசி 4, செவ்வாய்

மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. கூரை ஒரே இடத்தில் ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன்.

படகில் போனதை எழுதி வைக்கவேண்டும். மறந்துவிடும் என்றில்லை. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், கடைசியில் எனக்கே வேறு மாதிரி ஆகிவிடும்.

கல்யாணமாகி வந்த அன்றே அவர் சொன்னது. "தேக்கடில படகு விடுறாக. ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்." முதல் வருஷம் போனோம், கடைசிப் படகு கிளம்பிப் போயிருந்தது. கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். அப்புறம் லயத்தில் ஒரு சாவு. அப்புறம் சீசன். அவருக்கு ஸ்டோரில் வேலை, பச்சைக் காயை உலர்த்த அடுப்பு எரிப்பது. சீசனில் அடுப்பு அணையாது, லீவு கிடையாது. அப்புறம் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. இனி பிள்ளை பிறந்துதான் என்று நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை.

புரட்டாசி தொடக்கத்தில் மழை கொஞ்சம் விட்ட சமயம். குமுளி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறோம் என்று அத்தையிடம் சொன்னோம். காட்டவும் காட்டினோம், பொய் இல்லை. அப்புறம் மரத்தடி ரோட்டில் நடந்து படகுத்துறைக்கு.

ஏறுவதற்கு முன் எனக்குக் கால் வரவில்லை. அத்தை சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏ புள்ள, தாண்டுறதுன்னா அக்கரைக்குப் போறது. இது இங்கன கெளம்பி இங்கனயே வந்து நிக்கிது. நாம எங்க தாண்டுறோம்? எறங்காம இருந்தாச் சரி." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது.

கல்யாணச் சட்டை போட்டிருந்தார். ஸ்டோர்ப் புகையில் அவர் கண் எப்போதும் சிவந்திருக்கும், அன்றைக்கு வெள்ளையாக இருந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். பயம். என்னைவிட.

தண்ணீருக்குள் செத்த மரங்கள் நிற்கின்றன. கிளை கிடையாது, தண்டு மட்டும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறுப்புப் பறவை இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு. டீசல் வாடை. குமட்டவில்லை, அதுதான் ஆச்சரியம். வீட்டில் தாளிக்கிற வாடைகூட ஆகாத நேரம் அது. கோட்டயத்துப் பக்கத்து ஆட்கள் போல, ஒரு குடும்பம், ஒரே சத்தம். அந்த அம்மா என்னைப் பார்த்து "எத்ர மாசமாயி?" என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாளோ. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்தான் இரண்டு விரல் காட்டினார்.

அந்தப் பக்கம் ஒரு புல் சரிவில் படகு ஒட்டி நின்றது. கொஞ்சநேரம் இறங்கலாம் என்றார்கள். எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் எழுந்தார். குதித்தார். திரும்பி நின்று கையை நீட்டினார்.

"யாரு பாக்கப் போறா. வா."

பிடித்துக்கொண்டு இறங்கினேன். வெளியிடத்தில், ஆட்கள் முன்னால் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. புல் ஈரம். அவ்வளவுதான், ஏறிவிட்டோம்.

யானை பார்த்தோம். அதை இன்று எழுத முடியாது.


ஐப்பசி 5, புதன்

டிஸ்பென்சரி. அத்தையோடு. நடக்கும்போது அடிவயிறு இழுத்தது. சுவரில் சிவப்பு முக்கோணப் படம், அப்பா அம்மா இரண்டு பிள்ளை, எல்லோரும் சிரிப்பு. கூட்டம், அதையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

சிஸ்டர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள். "நீ எந்து ஜோலி செய்து? கனமா ஏதும் தூக்கியோ?"

வாயைத் திறந்தேன். அத்தை முந்திக்கொண்டார்கள். "படகுல போயிட்டா சிஸ்டர். தேக்கடில."

சிஸ்டர் சிரித்துவிட்டாள். "படகில் போயால் ஒந்நும் வராது அம்மே. ஜோலி கேட்டேன், ஜோலி."

"லேசான வேலதான். குனியாத வேலயாப் பாத்து நாந்தான் சூப்பர்வைசர்ட்ட கேட்டு வாங்கிக் குடுத்தேன்."

சிஸ்டர் மாத்திரை எண்ணத் தொடங்கிவிட்டாள். என் முறை போய்விட்டது.

அந்த வேலையை இங்கே எழுதுகிறேன். படகுக்கு அப்புறம் வெயில் நிலைத்தது, செடிக்கு மருந்தடிக்க ஆரம்பித்தார்கள். ஓடையிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் சுமந்து மருந்து டிரம்மில் ஊற்றவேண்டும். குனிய வேண்டாம் என்பது நிஜம். டிரம்மில் ஊற்றும்போது வெள்ளையாக நுரைத்து முகத்துக்கு வரும். கையில் வெள்ளை பிடித்துக்கொள்ளும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் சோற்றில் அந்த வாடை. வாந்தி எடுத்தேன். "மசக்கை நல்லா இருக்கு, பையன்தான்" என்று அத்தை சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. காய் எடுப்பதென்றால் நாள் முழுக்கக் குத்தவைத்து உட்காரவேண்டும், அது ஆகாதென்றுதான்.

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் படகு ஒரு பொழுது. தண்ணீர் சுமந்தது அந்த மருந்தடிப்பு முடிகிறவரைக்கும்.

யாரிடம் சொல்ல.

திரும்பும் வழியில் காய் எடுக்கும் பெண்கள் செடிக்குள்ளிருந்து:

"வழி விடுங்கடி, கப்பல்காரி வாரா."

"அக்கரைல என்னடி விக்கிது?"

அத்தை திரும்பிப் பார்த்துத் திட்டினார்கள். என்னையா அவர்களையா, தெரியவில்லை.


ஐப்பசி 7, வெள்ளி

தலை குளித்தேன். பனி.

அவர் பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். படுக்கை ஸ்டோரில்தான். படகு விஷயத்தை அத்தையிடம் சொன்னதே அவர்தான், அந்த வியாழக்கிழமை. நான் வலியில் கிடந்தேன். பயத்தில் அழுதுகொண்டே சொல்லிவிட்டார். அதற்காக எனக்குக் கோபம் இல்லை. பயந்தவர் என்று படகிலேயே தெரியுமே.

ஒரு தடவை அவர் "நல்லாத்தான புள்ள இருந்துச்சு அன்னைக்கி" என்று சொன்னால் போதும். கேட்டுப் பார்க்க நினைத்தேன். தண்ணீர் மோந்து கொடுக்கும்போது சரியாக இருக்கும் என்று. மோந்து கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நாளை கோடாங்கி வருகிறார், குறி சொல்ல. அத்தை ஏற்பாடு.

சீயக்காய் தீர்ந்துவிட்டது.


ஐப்பசி 8, சனி

கோடாங்கி வந்தார். சாயந்தரம். லயத்தில் பாதிப் பேர் எங்கள் வாசலில்.

உடுக்கை அடித்துக்கொண்டே சொன்னார். தண்ணிக்குள் நிற்கிற ஒன்று கூட வந்திருக்கிறதாம். அது வீட்டுக்கு வந்த வழியாகவே திரும்பிப் போகவேண்டுமாம்.

"எக்கரைலருந்து ஏறுச்சு?"

அத்தை மகனைப் பார்த்தார்கள். அவர், "அக்கரைல" என்றார்.

"அக்கரைல மொதக் கால் வச்சது யாரு?"

உடுக்கை நின்றது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவதான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் என்று ஒன்று எனக்கு எதற்கு.

முதல் கால் வைத்தவர் மேல்தான் அது இருக்கிறதாம். அந்த ஆள் இந்த வீட்டுத் தண்ணீரைத் தொடக்கூடாது, பங்குனி பிறக்கிறவரை. அதற்கு அப்புறமும் சாமி முன்னால் பூக் கட்டிப் போட்டு, கேட்டுப் பார்த்துத்தான். சிவப்புப் பூ வந்தால் திரும்பி வரக்கூடாது.

"அம்மா வீட்ல விட்ருங்க" என்று கோடாங்கி சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து "பயப்படாத தாயி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அழுகை வந்தது.

ராக்கம்மா அக்கா என் குடத்தை எடுத்துத் தனியாக வைத்தாள். அவளாகத்தான் செய்தாள், யாரும் சொல்லவில்லை.


ஐப்பசி 9, ஞாயிறு

மழை இல்லை. அவருக்கு சோறு கொண்டுபோனேன், தூக்குவாளியைத் தொடலாமா என்று அத்தையிடம் கேட்டுவிட்டு. தண்ணீர்தான் தொடக்கூடாது, சோறு தொடலாமாம்.

ஸ்டோர் சூடு. பச்சைக் காய் வாடை. அவர் அடுப்பில் கட்டையைத் தள்ளிக்கொண்டே பேசினார், திரும்பவில்லை.

"நாந்தான்னு சொன்னா என்னய வெளிய போகச் சொல்லுவாக. சீசன்ல அடுப்ப விட்டுட்டு நான் எங்க போக? ஒனக்குன்னா அம்மா வீடு இருக்கு."

ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"பங்குனிதான புள்ள. கண்ண மூடித் தொறக்குமுன்ன வந்துரும்."

கண் சிவந்திருந்தது. புகையா, வேறா. பூ மாறி வந்தால் என்று கேட்கத் தோன்றியது. தூக்குவாளியை வைத்துவிட்டு வந்தேன்.


ஐப்பசி 12, புதன்

அண்ணன் வந்து கூட்டிவந்துவிட்டான். கம்பத்தில் அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புறப்பட்டபோது தூறல். கொண்டுவந்தது: சேலை மூன்று, போர்வை, இந்த நோட்டு, கல்யாண போட்டோ (அத்தை வைத்துவிட்டுப் போ என்றார்கள், அப்புறம் எடுத்துட்டுப் போ என்றார்கள்). அத்தை அழுதார்கள். நெற்றியில் திருநீறு பூசி, "நல்லா சாப்பிடு, ஒடம்பத் தேத்து" என்றார்கள். என்ன செய்ய அவர்களை.

பஸ் நிற்கிற இடம் வரை அவர் வந்தார். வழியில் ஓடை, மழைக்குப் பெருகிக் கிடந்தது. தாண்டித்தான் ஆகவேண்டும், வேறு வழி கிடையாது. இதை யாரும் யோசிக்கவில்லை. அண்ணன் தலையில் மூட்டையோடு முன்னால் போய்விட்டான். அவர் கல் மேல் கால் வைத்துக் குதித்தார். திரும்பி நின்றார். கையை நீட்டினார்.

யோசித்து நீட்டவில்லை. வழக்கமாக வந்துவிட்டது அந்தக் கை. அதே மாதிரி.

"அன்னைக்கும் இப்படித்தாங்க" என்றேன்.

நான்தான் சொன்னேன். எனக்கே என் குரல் யாரோ மாதிரி.

அவர் கையைப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டார். வேட்டியில் துடைத்தார், ஈரம் ஒன்றும் இல்லை.

தண்ணீரில் இறங்கி நடந்து வந்தேன். முழங்கால் வரை. குளிர்ச்சி எலும்பில் ஏறியது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம். அவர் நின்ற பக்கம் இல்லை, மறுபக்கம். அண்ணன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டான். அடிவாரத்தில் டீ வாங்கிக் கொடுத்தான்.


ஐப்பசி 13, வியாழன்

வெயில். இங்கே மழையே இல்லை. காற்று மட்டும்.

காலையில் அடுப்பு பற்றவைத்தேன். குடத்தைத் தொடலாமா என்று வாய் வரை வந்தது. அம்மா, "போயி தண்ணி எடுத்துட்டு வாடி" என்றாள். எடுத்து வந்தேன்.

அத்தை அண்ணனிடம் எல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா எப்போது ஆரம்பிப்பாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். மதியம் சாப்பிட்டபின் கூப்பிட்டாள். முன்னால் உட்காரவைத்து எண்ணெய் வைத்தாள். முன்பு அவளும் அந்த மலையில்தான் காய் எடுத்தாள், அப்பா செத்தபின் இறங்கியவள். படகில் ஏறியதில்லை.

சிக்கு எடுத்துக்கொண்டே இருந்தாள். சீப்பில் முடி நிறைய வந்தது. அதைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"ஏன்டி."

"என்னம்மா."

"ஆன பாத்தியா?"

இதை யாரும் கேட்கவில்லை இதுவரைக்கும். அத்தை, ராக்கம்மா அக்கா, கோடாங்கி, யாரும்.

"பாத்தேம்மா. தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு. ஒண்ணு குட்டி."