நீ போட்ட ஐந்து கியர்

என் ஆசை மச்சான் செல்வத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன்மேல் இருக்கிற பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. செத்தவன்மேல் யாராவது பொறாமைப்படுவானா? நான் படுகிறேன்.

எல்லாம் பிரிஞ்சாங் ஊர்ச் சாப்பாட்டுக்கடை அமீது பாயின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காடியால் வந்தது. எழுபதுகளின் கடைசியில் அதில் பெரிய எஞ்சினை இறக்கினோமே, நம் தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் அன்றைக்கு என்ன சண்டை!

"லோரி கணக்கா இழுக்குற எஞ்சினு மச்சான். கனமான நாலு கியர் போடு. சின்னப் பல்லு தாங்காது" என்றேன்.

நீ கேட்டாயா? "அஞ்சு கியர்தான் மாப்ள. ஓட்டுறவன் கைக்குச் சொகமா இருக்கணும் லா" என்று சின்னக் காடியின் கியர் பெட்டியை மாட்டினாய்.

சில மாதம் ஓடியது. கியா பார்ம் மலை ஏற்றத்தில் பாய் இரண்டாவது கியரில் ஓங்கி மிதித்தார், பல்லெல்லாம் பொடிப்பொடி. அப்புறம் நான் போட்ட நாலு கியர் போன வாரம்வரை முனகாமல் உழைத்தது.

பேர் யாருக்கு? உனக்கு! "செல்வம் கியரு வெண்ணெய் லா! ஒன்னோடது ஏதோ ஓடுது" என்கிறார் பாய். உன் தங்கச்சியாவது எனக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், "எங்கண்ணன் கை ஒங்களுக்கு வருமா?" என்கிறாள். கட்டிய பெண்டாட்டி மச்சான்! வயிறு எரியாதா?

போன வாரம் பாய் பட்டறைக்கே வந்துவிட்டார். "செல்வத்தோட கியரையே ரிப்பேர் பண்ணி மாட்டிக் குடு. மெதுவா ஓட்டிக்கிறேன்."

பட்டறை மூலையில் கிடந்த உன் பெட்டிக்குப் புதுப் பல் போட்டு மாட்டினேன். மறுபடி உடையட்டும், ஊர் வாய் அடங்கட்டும் என்றுதான். கொடுப்பதற்கு முன் நானே உடைத்துவிடலாம் என்று நேற்று கியா பார்ம் ஏற்றத்துக்கு ஓட்டிப் போனேன். இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நாலு. நினைப்பதற்குள் கியர் விழுகிறது. அடப்பாவி, இப்படியுமா ஒரு கை இருக்கும்! மிதிக்க மனசு வரவில்லை. ஓரமாய் நிறுத்திவிட்டு உன்னைத் திட்டினேன். திட்டும்போதே அழுகை வந்தது. இனிமேல் நான் யாரோடு சண்டை போடுவேன்?

ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு மரக்கட்டையை இறுக்கி வைத்திருக்கிறேன். பாய் எவ்வளவு அழுத்தினாலும் அது முழுசாய் இறங்காது. பாய்க்குத் தெரியாது. நான் இருக்கிறவரை உன் கியர் உடையாது மச்சான், இது சத்தியம். ஆனால் அது நன்றாக இருக்கிறது என்று மட்டும் உன் தங்கச்சியிடம் சொல்லவே மாட்டேன்.

உன் தங்கச்சி புருஷன்,
மாரிமுத்து