ரொட்டி ஓரங்களால் ஒரு கோடு

அன்பு மகளுக்கு,

மாதாவுக்குப் பூ வாங்க ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வரை வந்தேன். நம் கிள்ளானில் கிடைக்காத பூவா என்று கேட்காதே. வந்த இடத்தில் உன் கண்காட்சியையும் பார்த்தேன்.

இயேசுவின் இறுதி இராவுணவுப் படம், அதுவும் முழுக்க முழுக்க ரொட்டித் துண்டுகளால்! பேக்கரியில் முப்பது வருடம் அடுப்படியில் நின்ற எனக்கே புரியவில்லை. யூதாஸின் தாடியை எத்தனை நிமிடம் வாட்டினாய்? மேசைவிரிப்புக்கு வைத்திருப்பது வாட்டாத ரொட்டி. இந்த வெக்கையில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்குமே? எறும்பு எப்படி வரவில்லை? மேலே பூசியது மெழுகா, வார்னிஷா?

இடது மூலையிலிருந்து மேசை வரை, கருகிய ரொட்டி ஓரங்களால் ஒரு கோணல் கோடு ஓடியது. சின்ன வயதில் நீ தின்னாமல் தட்டில் ஒதுக்குவாயே, அதே ஓரங்கள். கண்காட்சியைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அது என்னவென்று கேட்டேன்.

"தெரியல அங்கிள். ஒரிஜினல்ல இந்தக் கோடு இல்ல லா. ஆர்டிஸ்ட் மிஸ்டேக் பண்ணிட்டாங்க போல."

நான் இன்னும் கிட்டே போய் அந்தக் கோடு ஓடும் வழியைப் பார்த்தேன்.

நம் வீட்டில் ஜெபம் சொல்லும் இடத்தில் மாட்டியிருக்கும் படத்தைத்தான் நீ செய்திருக்கிறாய். நீ கடைசியாக வந்த அன்று, நான் கோபத்தில் வீசிய கப் பட்டு அதன் கண்ணாடி இடது மூலையிலிருந்து விரிசல் விட்டது. மறுநாளே புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன். ஐந்து வருடமாக அதன் முன்னால்தான் ஜெபமாலை சொல்கிறேன். விரிசல் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு, மிஸ்டேக் பண்ணியது ஆர்டிஸ்ட் இல்லை என்று.

அப்பா