பேனரில் என் வீட்டுக்காரர்

ஞாயிறு, இரவு

எங்கள் கொய்யாவுக்கு அரசாங்கம் போட்டுக்கொடுத்த விளம்பர பேனர் இன்று ராசா ஊர்ச் சந்தையில் தொங்கியது. படத்தில் சிரிப்பது என் வீட்டுக்காரர். அதிகாரி படமெடுக்க வந்த அன்று நான் சேற்றுக் காலைக் கழுவப் போயிருந்தேன். செனாவாங் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த இவர் கையில் ஒரு பழத்தைக் கொடுத்து அதிகாரி எடுத்துவிட்டார். கொய்யா மரங்கள் பக்கம் இவர் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

பழம் வாங்க வந்தவர்கள் எல்லாரும், என்கூட வந்திருந்த அவரையே கேட்டார்கள். எனக்கு எரிச்சல். ஓர் அம்மா, "படத்துல இருக்கறது நீங்கதானே? இனிப்பா ஒண்ணு பாத்துக் குடுங்கலா" என்றார். மாட்டிக்கொள்ளட்டும் என்று சும்மா இருந்தேன். அவரோ பளபளப்பான பெரிய பழங்களை ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த சொரசொரப்பான சின்னப் பழத்தை எடுத்தார். நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

வீடு திரும்பும்போது கேட்டேன். "அது இனிக்கும்னு எப்படிங்க தெரியும்?"

"நீ எனக்கு வேலைக்குக் கட்டிக் குடுக்கறது எப்பவும் அந்த மாதிரி பழந்தானே. பாக்க மாட்டனா?"

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னும் என்னவெல்லாம் பார்த்து வைத்திருக்கிறார் இந்த மனுஷன்? கேட்கலாமென்றால் குறட்டை விடுகிறார்.