காயம் வேண்டுவோர் கவனத்துக்கு

ஜூன் 3

இன்று முதல் இந்த நோட்டில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். எனக்குப் பெருமை சேர்க்காதவற்றையும் விடமாட்டேன். (இன்றைக்கு அப்படி எதுவும் இல்லை.)

எங்கள் இணையக் குழுவில் எனக்குப் பதவி கிடைத்திருக்கிறது! அது ரெஸ்லிங் குழு. ஆனால் அங்கே யாரும் யாரையும் தொடுவதில்லை. எழுதுகிறோம், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் ஒரு வீரரை உருவாக்கி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை மோதப் போகிற இருவரும் அதற்கு முன்பே தங்கள் வீரரின் குரலில் சவால் எழுதிப் போட வேண்டும். நன்றாக எழுதியவர் ஜெயித்ததாக ஆட்டத்தை எழுதி வெளியிடுவோம். எலும்பு முறியும், மூக்கு உடையும், திங்கட்கிழமை எல்லாரும் ஆபீசுக்கும் பள்ளிக்கும் போய்விடுவோம்.

என் வீராங்கனையின் பெயர் நூலகி. முகமூடி போட்டிருப்பாள். எதிராளியை அகராதியால் அடித்து வீழ்த்திவிட்டு, உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்பாள்.

பதவி: வீரர் பட்டியல் பொறுப்பாளர். யாருக்கு எத்தனை வீரர், யார் யாரோடு மோதுவது, யார் எழுதாமல் டிமிக்கி கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் இனி என் கையில். குழுவைத் தொடங்கியவரைத் தலைவர் என்போம், அச்சகம் வைத்திருக்கிறாராம். அவர் சொன்னார்: "பாப்பா, ஆளுங்க ஒவ்வொருத்தரா நழுவறாங்க. ஆகஸ்ட் கடைசியில ஆண்டு விழா ஆட்டம். அது முழுசா வந்தா தொடர்ந்து நடத்துவோம். இல்லன்னா கடையைச் சாத்திடலாம்."

சாத்த விடமாட்டேன். பள்ளியில் என் பெயர் 'சோடாபுட்டி'. என்னைப் பார்த்து நடுங்குகிறவர்கள் உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். "அதாவது, விழாத அடிக்கு நீ கணக்குப்பிள்ளை" என்றான்.

ஜூன் 5

விதிகள் போட்டுவிட்டேன். ஒருவருக்கு இரண்டு வீரருக்கு மேல் கூடாது. ஆசைப்பட்டு நாலைந்து பேரை வைத்துக்கொண்டு, எழுத முடியாமல் மூச்சு முட்டி, கடைசியில் ஓடிவிடுகிறார்கள். அதோடு, சொல்லாமல் மறையவும் கூடாது. முடியாவிட்டால் என்னிடம் காயம் கேட்க வேண்டும்.

எங்கள் குழுவில் லீவு என்ற சொல்லே கிடையாது. எழுதுகிறவருக்கு வேலை வந்தால் அவருடைய வீரருக்கு அடிபட வேண்டும். அப்போதுதான் கதையில் ஓட்டை விழாது. பரீட்சை என்றால் தோள்பட்டை. வீட்டில் கல்யாணம் என்றால் கழுத்துச் சுளுக்கு. போன மாதம் ஒருவருக்கு வேலையே போய்விட்டது, முதுகெலும்பு கொடுத்தோம்.

அறிவிப்புக்கு நானே தலைப்பு வைத்தேன்: காயம் வேண்டுவோர் கவனத்துக்கு. சம்மட்டி முதல் ஆளாக "உத்தரவு மேடம்" என்று போட்டார். சம்மட்டிதான் எங்கள் அரங்கத்தின் பெரிய வில்லன். இதுவரை எத்தனை பேரைக் கயிற்றுக்கு வெளியே தூக்கி எறிந்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. நான் "நன்றிண்ணே" என்றேன்.

ஜூன் 19

ஒருவர் புது வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய இரண்டு வீரர்கள் அநாதையாக நிற்கிறார்கள். தற்காலிகமாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 6

தற்காலிகமாக இப்போது என்னிடம் ஒன்பது பேர்.

நேற்றைய ஆட்டத்தில் நூலகியும், அநாதைகளில் ஒருவனான கருந்தேளும் மோதினார்கள். இரண்டு பக்கமும் நானே எழுதினேன். கருந்தேளுக்கு எழுதியது நன்றாக அமைந்துவிட்டது, நூலகி தோற்றுவிட்டாள். காலையிலிருந்து அந்தக் கருந்தேள் மேல் கோபமாக இருக்கிறது.

இரண்டு பேருக்கு மேல் கூடாது என்ற விதி? அது உறுப்பினர்களுக்கு. நான் பொறுப்பாளர். (எழுதும்போதே சரியாகப் படவில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.)

ஜூலை 10

கணக்கில் முப்பத்தொன்று. நூற்றுக்கு.

ஜூலை 15

'நான் விரும்பும் பருவகாலம்' கட்டுரையைத் தமிழாசிரியை திருப்பிக் கொடுத்தார். "நல்ல நடைம்மா. ஆனா மழைக்காலம் எதுக்குக் கோடைகாலத்தோட பல்லை ஒடைக்குது?"

ஜூலை 24

சம்மட்டி அண்ணன் இன்று அறிவிப்புக்குக் கீழேயே காயம் கேட்டார். எவ்வளவு ஒழுங்கு! அவர் ஒருவர்தான் விதியைப் படித்திருக்கிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

அவர்: "கால் ஒடஞ்சிடுச்சு. ஆறு வாரம் ஆகும்."

நான்: "ரொம்ப நல்லதுண்ணே! எந்தக் கால்?"

"இடது."

"வலதா வெச்சுக்கலாமா? போன மாசம்தான் இன்னொருத்தருக்கு இடது குடுத்தோம். யார் ஒடச்சாங்க?"

"யாரும் இல்ல. நாற்காலி."

"நாற்காலியால சரி, அடிச்சது யாருன்னு வேணுமே. தானா ஒடஞ்சா ரசிகர்கள் ஒத்துக்க மாட்டாங்க. அப்புறம் ஆறு வாரம் ரொம்ப அதிகம்ணே, நடுவுல ஆண்டு விழா வருது. நாலா கொறைச்சுக்கறீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து: "டாக்டர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன்."

டாக்டரையும் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்! பிறகு ஒரு எக்ஸ்ரே படமும் அனுப்பினார். "பிரமாதம்ணே, எங்க புடிச்சீங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த சவாலை யோசித்துக்கொண்டிருப்பார்.

ஜூலை 25

தலைவர் கூப்பிட்டார். எழுத்தில் இல்லை, போனில்.

"பாப்பா, அது நிஜக் கால்."

ஐயோ.

ரொம்ப நல்லதுண்ணே — நானா அப்படிச் சொன்னேன்? வலதா வெச்சுக்கலாமான்னு வேற கேட்டிருக்கேனே! டாக்டர்கிட்ட பேரம் பேசச் சொல்லியிருக்கேனே! எனக்கு என்ன ஆச்சு? எல்லாரும் எனக்குத் தோள்பட்டையும் கழுத்துமாத்தான் தெரிஞ்சாங்களா?

அது மட்டுமில்லை. அவர் அண்ணனே இல்லை. அக்கா. மழலைப் பள்ளி டீச்சராம். வகுப்புச் சுவரில் காகிதப் பட்டாம்பூச்சி ஒட்டுவதற்காகக் குழந்தைகள் உட்காரும் நாற்காலியில் ஏறியிருக்கிறார். அது சாய்ந்துவிட்டது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இடது கால். நாற்காலி. யாரும் அடிக்கவில்லை.

ஜூலை 26

யாரோ அந்த உரையாடலைக் குழுவில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். "இங்க ஒருத்தன் செத்தாக்கூட, சனிக்கிழமைக்குள்ள பொழச்சு வந்துடுன்னுவாங்க போல" என்று எழுதிவிட்டு ஒருவர் விலகினார். மற்றவர்கள் சண்டைகூடப் போடவில்லை. இந்த வாரம் ஆட்டம் இல்லை.

அம்மா மருந்துக்கடை வேலையிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "யாருடி அடிச்சா?"

"நான்தான்மா அடிச்சேன்."

"சரி, சாப்பிட வா."

ஆகஸ்ட் 2

மன்னிப்புக் கடிதம் ஆறு முறை எழுதினேன். ஐந்தாவதில் உவமை எல்லாம் வந்துவிட்டது, கிழித்துப் போட்டேன். கடைசியில் அனுப்பியது: "அக்கா, தப்பு பண்ணிட்டேன். கால் எப்படி இருக்கு?"

"அரிக்குது" என்று பதில் வந்தது. பிறகு: "திட்டலாம்னுதான் இருந்தேன். ஆனா நீ கேட்ட ஒரு கேள்வி மண்டைக்குள்ள புகுந்துடுச்சு. யார் ஒடச்சா? படுத்துக்கிட்டு அதையேதான் யோசிக்கறேன். அந்த நாற்காலிக்கு நல்ல வில்லன் முகம்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"உன் கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"என் கைக்கு என்னக்கா?"

"ஒன்பது பேரை எழுதறியாமே. உன் சட்டத்துல ரெண்டுன்னுதானே போட்டிருக்கே? எங்க வகுப்புலயும் ஒருத்தி இருக்கா. எல்லார் பொம்மையையும் 'நான் பத்திரமா வெச்சுக்கறேன்'னு வாங்கி வெச்சுக்குவா. அப்புறம் தனியா உட்கார்ந்து அழுவா. வயசு நாலு."

எனக்குப் பதினைந்து.

ஆகஸ்ட் 9

ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம். இந்த வாரமும் யாரும் எழுதவில்லை. நினைவூட்டல் போட்டேன், எச்சரிக்கை போட்டேன், கெஞ்சியும் பார்த்தேன். தலைவர், "விடு பாப்பா, சாத்திடலாம்" என்கிறார். ஒன்பது பேரையும் நானே எழுதி ஆட்டத்தை முடித்துக் காட்டட்டுமா? எனக்கும் எனக்கும் நடக்கும் ஆண்டு விழா. பரிசையும் நானே எனக்குக் கொடுக்கலாம்.

ஆகஸ்ட் 11

அடுத்த வாரம் கணக்கு மறுதேர்வு. பள்ளியிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன். வந்ததும் குழுவில் எழுதினேன்:

"பொறுப்பாளருக்குக் காயம் வேண்டும். என்னிடம் ஒன்பது வீரர்கள் இருக்கிறார்கள், விதியை மீறியது நான்தான். அவர்களில் ஏழு பேரை விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நூலகிக்குக் கை உடைய வேண்டும். யாராவது உடைத்துத் தர முடியுமா?"

போட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு கணக்கு முடிவதற்குள் போன் அதிர்ந்தது. பிறகு நிற்கவே இல்லை.

"நான் ஒடைக்கறேன்."

"யோவ், வரிசையில வா. எனக்கு அவ ரெண்டு தடவ எச்சரிக்கை குடுத்திருக்கா."

"எங்க பாட்டி செத்தப்போ கணுக்கால் குடுத்தவ இவ. கணுக்கால்! நான் இடுப்பு கேட்டேன்."

முதுகெலும்புக்காரர்கூட வந்துவிட்டார். விலகிப் போனவர் திரும்பி வந்து, கருந்தேளைத் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறார். அந்தக் கை தேள் கொட்டித்தான் போக வேண்டுமாம்.

தலைவர் தனியாக எழுதினார்: "விதி போட்டு வரல, கெஞ்சி வரல. ஒருத்தரை அடிக்கணும்னா மட்டும் நம்மாளுங்க எங்கிருந்தாலும் ஓடி வந்துடறாங்க."

ஆகஸ்ட் 20

மறுதேர்வில் அறுபத்திரண்டு. அண்ணன்: "கை ஒடஞ்சும் இவ்வளவா!"

ஆகஸ்ட் 30

ஆண்டு விழா ஆட்டம் வந்தது. முழுசாக.

எல்லாருமே நூலகியை அடிக்க வந்துவிட்டதால் தலைவர் அதையே கடைசி மோதலாக வைத்துவிட்டார். அரங்கு நிறைய ஆட்கள், நடுவில் நூலகி. அகராதி பிடுங்கப்பட்டது. கருந்தேள் கொட்டியது. அப்போது ஊன்றுகோல் சத்தம் கேட்டு எல்லாரும் ஒதுங்கினார்கள். சம்மட்டி வந்தாள். ஆமாம், வந்தாள், இன்று முதல் அப்படித்தான் எழுதுவோம் என்று அக்கா சொல்லிவிட்டார். கையில் ஒரு குட்டி நாற்காலி, அதன் முதுகில் ஒரு காகிதப் பட்டாம்பூச்சி.

ஒரே அடி. கை போனது. பிறகு சம்மட்டி குனிந்து, நூலகியின் உதட்டில் தன் விரலை வைத்து "உஷ்" என்றாள்.

இவ்வளவு நன்றாக என்னை நான் ஒருநாளும் அடித்ததில்லை.

முடிந்ததும் அக்காவிடமிருந்து செய்தி: "எத்தனை வாரம் வேணும்?"

"ஆறு" என்றேன்.

"கொறைக்க முடியாதா?"

"டாக்டர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன்கா."

கடையைச் சாத்துவது பற்றித் தலைவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை யார் யாரோடு மோதுவது என்று மட்டும் கேட்டார். நான் காயத்தில் இருப்பதை நினைவூட்டினேன். "அட ஆமா" என்று முதுகெலும்புக்காரரிடம் கேட்கப் போய்விட்டார்.

எனக்கு மிச்சமிருந்த வேலை ஒன்றுதான். ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசி வரியையும் பொறுப்பாளர்தான் எழுத வேண்டும். கை உடைந்தவள் என்பதால் இடது கையால் தட்டினேன்: அரங்கத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டன.

அம்மா வாசலில் வந்து நின்றாள். "எல்லாரும் போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்கம்மா."

உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்பதால் இதையும் சேர்க்கிறேன்: இந்த அறையின் விளக்கும் அணைக்கப்பட்டது. இந்த வரி கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.