விரல் வைத்த பக்கம்

ஜெலுத்தோங், பினாங்கு
புதன்கிழமை

அன்புள்ள துஷிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் தம்பி கஜனும் சுகம். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற சுகம் இல்லை இது, நிஜமான சுகம், அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். பிரிஸ்பேன் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருக்க முருகன் துணை. எதிர்வீட்டு காமாரியாவின் மகள் ஃபஸீலா விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே படிப்புக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வேலையை விடுகிறேன் என்று நீ எழுதி வைத்திருக்கும் கடிதத்தைத் திங்கட்கிழமை ஆபீசில் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். சனிக்கிழமையே கொண்டுபோய்க் கொடு என்று அவளிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். ஆன்ட்டி, நான் என்ன சின்னப் பிள்ளையா லா என்று சிரிக்கிறாள்.

முதலில் ஒரு புத்தக விஷயம். போன மாதம் கஜன் எனக்கு ஒரு நாவல் வாங்கிக்கொண்டு வந்தான். பாயான் பாருவுக்கு ஃபேக்டரி பஸ்ஸில் போகும்போது அவனும் அதைக் கைப்பேசியில் படிக்கிறானாம். இதுல ஒரு அம்மா வர்றாங்க, கால் விளங்காம படுத்த படுக்கையா, பாவம்மா, நீங்க படிச்சா அழுதுடுவீங்க என்றான். எனக்கு இந்த அழுமூஞ்சிக் கதைகள் ஆகாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை ஆசையாகத் தந்தானே என்று சமையல் முடிந்ததும் தினம் பத்துப் பக்கம் படித்தேன். அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள மகன் கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறான். ஒருநாள் அவன் கடைக்குப் போயிருக்கும்போது மழை வருகிறது. அவள் எழுந்து, சும்மா சாதாரணமாக எழுந்து, நடந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி வந்து படுத்துக்கொள்கிறாள். எனக்குப் பகீர் என்றது. சரியாக அந்தப் பக்கத்தில்தான் நீ வீடியோவில் கூப்பிட்டாய்.

துஷி, கோபப்படாமல் படி. உன் அழைப்பு வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே ஓடிப்போய், அடுப்படியில் நின்று கோப்பி கலக்கிக்கொண்டிருந்த அப்பாவை, போங்க, போய்ப் படுங்க, துஷி கூப்பிடுறா என்று கட்டிலுக்கு விரட்டிப் போர்வையைப் போர்த்திவிட்டேன். ஏன் வள்ளி, அவ கூப்பிட்டாலே எனக்கு உடம்பு முடியாமப் போயிடுது என்று அவர் போர்வைக்குள்ளிருந்து கேட்கிறார். நான் போனை எடுத்து, அப்பா அசதியாகப் படுத்திருக்கிறார் என்று உன்னிடம் சொன்னேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் என் விரல் இன்னும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்பா நடக்கிறார், துஷி. இரண்டு மாதமாகவே நடக்கிறார். கைத்தடி ஒன்று போதும். போன வாரம் லிஃப்ட் பழுதானபோது மூன்று மாடி படியிறங்கிப் பாசாருக்குப் போய்க் கீரை வாங்கி வந்தார், வழியில் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் வேறு தின்றிருக்கிறார், அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும், ஆபரேஷனும், முதல் இரண்டு மாதம் நான் தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டியதும் உண்மை. அதற்குப் பிறகு சொன்னதுதான் பொய். பாத்ரூமுக்குக்கூட என் தோளைப் பிடித்துத்தான் போகிறார், என் முதுகு போய்விட்டது என்றேனே, பொய். ஏன் சொன்னேன்? அப்பா விழுவதற்கு முன் நீ மாதம் ஒருமுறை கூப்பிடுவாய், அதுவும் ஐந்து நிமிஷம். விழுந்தபின் தினமும் கூப்பிட்டாய். அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டாய். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்று வாய் திறக்கவில்லை. உன் இஷ்டம் பிள்ளை என்று பெருமூச்சு விட்டேன். உன் கட்டிலுக்குப் புது மெத்தைகூடப் போட்டாகிவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கஜனுக்கு நான் உன்னிடம் சொல்லிவந்தது எதுவும் தெரியாது, நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே பூனை வீடியோ அனுப்புவதுதானே. ஆனாலும் இவன் வேண்டுமென்றேதான் இந்தப் புத்தகத்தைத் தந்திருக்கிறான் என்று எனக்கு ஒரே ஆத்திரம். அவன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, யாரைக் குத்திக்காட்ட இதைக் குடுத்தே என்று பிடித்துக்கொண்டேன். திருதிருவென்று விழித்தான். அம்மா, நான் இன்னும் பாதிகூடப் படிக்கல லா, ஏன், அந்த அம்மா செத்துட்டாங்களா, ஐயோ சொல்லிடாதீங்க என்றான். முருகன்தான் அவன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மீதியையும் படித்து முடித்தேன். அந்த மகன் வீடு வந்து, சாத்தியிருக்கும் ஜன்னலைப் பார்க்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு வருஷம் இரண்டு பேரும் தெரிந்தும் தெரியாதவர்கள் மாதிரி ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலமே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ வேலையை விடப்போவது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள், உட்கார்ந்து எழுது, போன்ல சொன்னா நீ பாதியில அழுவே, அவளும் அழுவா, கடைசியில பெட்டியோட வந்து நிப்பா என்றார். இரண்டு நாளாக உன் அழைப்பை நான் எடுக்காததற்கு இதுதான் காரணம், பயப்படாதே. நேற்று அவரே தடியை எடுத்துக்கொண்டு போய்ப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நீ கட்டும் அந்த ஆற்றுப் பாலம் இன்னும் அக்கரையைத் தொடவில்லை என்றாயே, அது திறக்கும்போது இரண்டு பேரும் வருகிறோம். அதற்கு முன் தீபாவளிக்கு நீ இரண்டு வாரம் வா, திரும்பிப் போகும் டிக்கெட்டோடு வா.

ராத்திரியில் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காதே, ஒரு பிடி சோறு வடித்துச் சாப்பிடு. ஃபஸீலாவிடம் மிளகாய்த்தூள் கொடுத்திருக்கிறேன். நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் நீ நீடூழி வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் தினமும் கேட்டுக்கொள்கிறோம். நீ இங்கே வந்து இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவில்லை, போகவும் போகாது, அது என் பாடு. கோபம் வந்தால் என்னைத் திட்டு. மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் கூப்பிட்டாலும் எனக்குப் போதும். திங்கட்கிழமை மட்டும் அந்தக் கடிதத்தைக் கொடுக்காதே பிள்ளை, வேலைக்குப் போ.

ஆசையோடு,
அம்மா வள்ளிநாயகி