காலர் மைக்கை யாரும் கழற்றவில்லை

மார்ச் 4, செவ்வாய்

கல்யாண வரவேற்பு வேலை ஆரம்பம். ஏழு டேப். இந்த முறை என் வீட்டுக்காரர் கேமராவை ஆட்டாமல் எடுத்திருக்கிறார். பாராட்டினால் தலைகால் புரியாது, சொல்லவில்லை. மூன்றாவது டேப் கோடு கோடாக ஓடியது. டேப் ஓட்டும் டெக்கைத் திறந்து ஹெட்டைத் துடைத்தேன், சரியாயிற்று. பெண் அழகாகச் சிரிக்கிறாள். இருபதாம் தேதி மாப்பிள்ளையோடு வெளிநாடு போகிறாளாம். அதற்குள் படம் கையில் வேண்டும்.

மார்ச் 5, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

மேடையில் பேசுவதற்காக மாப்பிள்ளையின் சட்டையில் இவர் வயரில்லாத காலர் மைக் மாட்டியிருக்கிறார். பேசி முடித்ததும் கழற்ற மறந்துவிட்டார். எங்கள் டேப்பில் ஒலி இரண்டு தடங்களில் பதிவாகும். ஒன்று கேமராவின் மைக், இன்னொன்று காலர் மைக். ஐந்தாவது டேப்பில் படம் சாப்பாட்டுக் கூடம், குழந்தைகள் ஐஸ்கிரீம் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது தடத்திலோ மாப்பிள்ளை ஏதோ ஓர் அறையில் தன் அண்ணனோடு பேசுகிறார்.

"முந்தினவளுக்குக் குடுத்த இடம் இவளுக்குக் குடுக்கப் போறதில்ல. பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கும். ஃபோன் கிடையாது. அங்க அடிச்சாலும் யாரு கேக்கப் போறா?"

அண்ணன் சிரிக்கிறார்.

முந்தினவளா? மாப்பிள்ளைக்கு இது முதல் கல்யாணம் என்றல்லவா பெண்ணின் அம்மா சொன்னார்? நான்கு தடவை ரீவைண்ட் செய்து கேட்டேன். தப்பாகக் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

இவரையும் கேட்க வைத்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்புறம், குடித்துவிட்டு உளறியிருப்பான் என்றார். அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைத்தால் ஒருவரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்றார்.

"அந்த இடத்துல பாட்டைப் போட்டு மூடிடு. நமக்கெதுக்கு வம்பு?"

மூடினேன்.

மார்ச் 7, வெள்ளி

ஐந்தாவது டேப்பை இன்னொரு டேப்பில் ஏற்றி, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். எதற்கு? தெரியாது.

மார்ச் 8, சனி

மாப்பிள்ளை வந்தார். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை, மைக்கைப் பற்றிக் கேட்டார். மேடையை விட்டு இறங்கியதுமே அணைத்துவிட்டேன் என்று இவர் கூசாமல் பொய் சொன்னார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை.

"எடிட்டிங் எல்லாம் நீங்கதானாமே அக்கா. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வெட்டுவீங்களா?"

படத்தைப் பார்த்துத்தான் வெட்டுவேன் என்றேன். என் முகம் என்ன சொல்லிற்றோ.

முடித்தவரை போதுமாம், மீதி வேண்டாமாம். ஏழு டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கல்யாணப் படத்தைப் பாதியில் போதும் என்று சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பெண்ணோடு பேச வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு முறை ஃபோன் செய்தேன். இரண்டு முறையும் மாமியார் எடுத்தார். முதலில் குளிக்கிறாள், பிறகு தூங்குகிறாள். மூன்றாம் முறை எண்ணைச் சுழற்றும்போது இவர் ரிசீவரைப் பிடுங்கி வைத்தார். சண்டை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே! நம்ம பொண்ணுக்கு இப்படின்னா பாட்டு போட்டு மூடுவீங்களா என்று கேட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதவர், இன்று காலை, நான் பீரோவில் வைத்திருந்த டேப்பிலிருந்து தானே அந்தப் பேச்சை ஓர் ஆடியோ கேசட்டில் எடுத்துக் கொடுத்தார். ஸ்கூட்டரில் பெண்ணின் அம்மா வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார். உள்ளே வரவில்லை.

அந்த அம்மா தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, படம் தயாராகிவிட்டதா என்று ஆசையாகக் கேட்டார். நான் அவர் வீட்டு டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டேன். ஒரு நிமிடம்கூட இல்லை அந்தப் பேச்சு. முடிந்த பிறகும் அவர் அணைக்கவில்லை. வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது.

"நேத்து காலையிலதாம்மா பிளேன் ஏத்திட்டு வந்தோம். மாப்பிள்ள திடீர்னு டிக்கெட்ட மாத்திட்டாரு."

நேற்று. நேற்றுக் காலை நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

அந்த அம்மா ஃபோன் செய்தார். மகள் இதுவரை ஒரே ஒரு தடவை பேசினாளாம். எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்". பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டதாம். போலீசில் புகார் கொடுத்தால், புருஷன் பெண்டாட்டி விஷயம், கொஞ்ச நாள் பொறுங்கள் என்கிறார்களாம்.

ஜூன் 19, வியாழன்

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து டேப்பை வாங்கிக்கொண்டார். பெண் அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மாடி ஜன்னலிலிருந்து தவறி விழுந்துவிட்டாள் என்கிறானாம் அவன். உயிர் இருக்கிறது, இன்னும் கண் திறக்கவில்லை. அவள் அம்மா நேற்று விமானம் ஏறினார்.

இந்தப் பேச்சை முதலில் என்றைக்குக் கேட்டீர்கள் என்றார் இன்ஸ்பெக்டர். மார்ச் ஐந்து என்றேன்.

"பொண்ணு வீட்டுல என்னைக்குச் சொன்னீங்க?"

பதினொன்று.

இரண்டு தேதியையும் எழுதிக்கொண்டார். ஏன் என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். இவரும் தலை குனிந்து காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.