ஒதீல் அம்மாவின் பிரேக்

அன்புள்ள அப்பா,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம். இங்கே தெற்கு பிரான்சில், அவெரோன் மலைப்பக்கம் சைக்கிள் பயணிகளை ஊர் ஊராக அழைத்துப் போகிறேன்.

நேற்று சின்னதாக ஒன்று நடந்தது, பதறாதீர்கள். மலைமேல் இருக்கும் கோட்டை ஊரிலிருந்து இறங்கும்போது, எனக்கு முன்னால் போன பயணி ஒதீல் அம்மாவின் முன் பிரேக் கம்பி அறுந்துவிட்டது. அவருக்கு அறுபத்தெட்டு வயது. பின் பிரேக் மட்டும் அந்தச் சரிவுக்குப் போதவில்லை. கீழே குறுகலான கல்வளைவு வாசலுக்குள் ஒரு டிராக்டர் நுழைந்துகொண்டிருந்தது.

"சொலென், நிக்க மாட்டேங்குது!"

"வலதுபக்கம் திராட்சைத் தோட்டத்துக்குள்ள விடுங்க!" என்று கத்திக்கொண்டே விரட்டிப் போய் அவர் சீட்டைப் பிடித்து இழுத்தேன். இருவரும் கொடிகளுக்குள் விழுந்தோம்.

ஒதீல் அம்மா வாயிலிருந்த இலையைத் துப்பிவிட்டு, "ஏம்மா, இதுவும் இன்னிக்கு ப்ரோகிராம்ல இருந்துச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலேயே அந்தக் கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தது. சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவள் நான்தான். சாப்பிட உட்காரும்முன் அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சநேரம் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு, "நாளையிலேர்ந்து என் பிரேக்கை நானே பாக்குறேன். நீ சொல்லிக்குடு" என்றார்.

என் தடித்த கையுறையை அனுப்புங்கள், உள்ளங்கை லேசாக உரிந்திருக்கிறது. ஞாயிறு போன் செய்யும்போது நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது குரைத்தாலே போதும்.

ஒதீல் அம்மா ஸ்பேனரோடு வந்து நிற்கிறார். போகிறேன்.

உங்கள் சொலென்